எல்.இ.டி. மாஸ்க்: சுருக்கம் விழும் தோலுக்கு வீட்டிலேயே ஒளி கொடுக்கும் முறை

எல்.இ.டி. மாஸ்க் என்பது உள்பக்கம் சின்னச் சின்ன எல்.இ.டி. பல்புகள் பதித்த, முகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி. அதில் வேலை செய்வது ஒளியின் அளவு. எத்தனை பல்பு, எத்தனை நிறம், பெட்டி எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். மாத்திரைக்கு மில்லிகிராம் போல ஒளிக்கும் ஒரு கணக்கு உண்டு. அது குறைந்தால் தோல் கண்டுகொள்ளாது. கூடினால் பலன் கூடாது, சில சமயம் கிடைத்துக்கொண்டிருந்ததும் குறையும். அதனால் கணக்கை முதலில் பார்த்துவிட்டு மாஸ்க்குக்கு வருவோம்.

ஒளி தோலுக்குள் என்ன செய்கிறது

1967ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளி புற்றுநோய் உண்டாக்குமா என்று பார்க்க முடி மழித்த சுண்டெலிகள்மேல் அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. மழித்த இடத்தில் முடிதான் வேகமாக வளர்ந்தது. ஒளியால் செல்லைத் தூண்டும், இன்று போட்டோபயோமாடுலேஷன் என்று அழைக்கப்படும் துறை அங்கிருந்து தொடங்கியது. லேசர் இல்லாமல் எல்.இ.டி. ஒளிக்கும் இந்த வேலை வரும் என்று பின்னால் தெரிந்த பிறகுதான் கருவி வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது: செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. சிவப்பு ஒளியையும் அதை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியையும் அது உள்வாங்கும். அப்போது செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது. தோலின் அடியடுக்கில், தோலை உறுதியாக வைக்கும் புரதமான கொலாஜனை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கும் அந்தத் தூண்டுதல் போய்ச் சேர்கிறது. சூடு வைத்துத் தோலைக் காயப்படுத்தி, அது ஆறும்போது கொலாஜன் வரவழைக்கும் லேசர் சிகிச்சையிலிருந்து இது வேறுபட்டது. இங்கே காயமே கிடையாது. வலி இல்லாததற்கும் பலன் மெதுவாக வருவதற்கும் காரணம் அதுவே.

எந்த நிறம் எதற்கு

சுருக்கத்துக்கு வேண்டியவை இரண்டே. 630 முதல் 660 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிவப்பு ஒன்று, 830 முதல் 850 வரையிலான அகச்சிவப்பு மற்றொன்று. சிவப்பு தோலின் மேற்பகுதிகளில் வேலை செய்யும். அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும். இந்த இரண்டும் இருந்தால் போதும்.

415 நானோமீட்டரை ஒட்டிய நீலம் முகப்பருக் கிருமியைக் குறிவைப்பது. சுருக்கத்துக்கு அதனால் பயனில்லை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் நீல ஒளி நிறமியைத் தூண்டி, பல வாரம் போகாத கருமையை உண்டாக்கக்கூடும். மங்கு இருக்கும் முகத்தில் நீலத்தை அணைத்தே வையுங்கள். 590 நானோமீட்டர் மஞ்சளுக்குச் சில ஆய்வுகள் உண்டு, சிவப்புக்கு இருக்கும் அளவு இல்லை. பச்சை, ஊதா, வெளிர்நீலம் என்று ஏழு நிறம் காட்டும் மாஸ்க்கில் ஐந்து நிறம் கண்காட்சி. அந்த ஐந்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்பது ஒருபுறம். அந்த நிறங்களுக்கான சில்லுகள் (பல்புக்குள் ஒளி விடும் சிறு துண்டுகள்) பிடித்துக்கொண்ட இடத்தில் கூடுதல் சிவப்பு இருந்திருக்கலாம் என்பதுதான் உண்மையான நஷ்டம்.

அளவுக் கணக்கு

ஒளியின் திறனை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்று சொல்வார்கள். அதை நொடிகளால் பெருக்கி 1000ஆல் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் தோல் வாங்கிக்கொண்ட ஆற்றல் ஜூல் கணக்கில் வரும். 30 மில்லிவாட் மாஸ்க்கை 10 நிமிடம் போட்டால் 30 × 600 ÷ 1000 = 18 ஜூல். 10 மில்லிவாட் மாஸ்க்கை அதே 10 நிமிடம் போட்டால் 6 ஜூல்.

எவ்வளவு வேண்டும்? 2014ல் வெளியான, 136 தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வில், சிவப்புப் பகுதியில் சுமார் 9 ஜூல் வீதம் வாரம் இருமுறை, மொத்தம் 30 முறை ஒளி கொடுத்தார்கள். ஒளி பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது தோலின் சொரசொரப்பும் நுண்சுருக்கமும் குறைந்து, கொலாஜன் அடர்த்தி கூடியிருந்தது. அதில் பயன்பட்டது பெரிய விளக்குக் கருவி, மாஸ்க் அல்ல. ஆனாலும் அளவைப் பற்றி ஒரு நிதானம் கிடைக்கிறது. தொடங்குபவர்கள் ஒரு தடவைக்கு 5 முதல் 20 ஜூலுக்குள் இருந்தால் சரியான பாதையில் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

20ல் பலன் என்றால் 100ல் ஐந்து மடங்குப் பலன் என்று எண்ண வேண்டாம். குறைந்த அளவில் தூண்டுவது, மிகை அளவில் அடக்கிவிடும் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதிகளில் ஒன்று. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

விளம்பரக் கணக்கைச் சரிபார்ப்பது

பெட்டியில் "100 மில்லிவாட்" என்று அச்சடித்திருப்பதை நம்புவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். மாஸ்க் மூடும் முகப்பரப்பு ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையடக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 3.7 வோல்ட், 2600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் அதில் அடங்கும் ஆற்றல் சுமார் 9.6 வாட்-மணி. ஒரு சார்ஜில் 10 நிமிடம் வீதம் 8 தடவை ஓடும் என்று சொன்னால், மொத்தம் 80 நிமிடம். வகுத்துப் பார்த்தால் மாஸ்க் இழுக்கும் மின்சாரம் 7.2 வாட். இத்தகைய மாஸ்க்கின் எல்.இ.டி. பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவாகவே ஒளியாக்கும், மீதி சூடாகப் போகும். 3 வாட் ஒளி என்று தாராளமாக வைத்தாலும் 350ஆல் வகுக்க, சதுர சென்டிமீட்டருக்கு 8 அல்லது 9 மில்லிவாட்தான் வருகிறது. 100 எங்கிருந்து வரும்?

இந்த 8, 9 மில்லிவாட் பயனற்றது என்று அர்த்தமில்லை. 10 நிமிடத்தில் 5 ஜூல் கிடைக்கிறது, 20 நிமிடத்தில் 10. பெட்டியை நம்பி 3 நிமிடத்தில் கழற்றினால்தான் வீண்.

இன்னும் சில கணக்கு விளையாட்டுகள் உண்டு. சிவப்பின் திறனையும் அகச்சிவப்பின் திறனையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவது. பல்பின் நேர் எதிரே, ஒளி மிகக் கூர்மையாக இருக்கும் ஒரு புள்ளியில் அளந்து அதை முழு முகத்துக்கும் சொல்வது. ஒரே பல்புக்குள் மூன்று சில்லு இருந்தால் அதை மூன்று பல்பாக எண்ணுவது. பல்பு எண்ணிக்கையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, அலைநீளத்தையும் திறனையும் எங்குமே சொல்லாத கருவியை வாங்காதீர்கள்.

வாங்கும்போது

வளையும் சிலிகோன் மாஸ்க், கெட்டிப் பிளாஸ்டிக் மாஸ்க் என்று இரண்டு வகை. சிலிகோன் தோலை ஒட்டி உட்காருவதால் ஒளி வழியில் சிதறாமல் போய்ச் சேரும். கெட்டி மாஸ்க் மூக்கின்மேலும் நெற்றியிலும் தாங்கி நிற்கும், கன்னத்துக்கும் தாடைக்கும் இடைவெளி விழும். சுருக்கமும் தொய்வும் அதிகம் தெரிவது அங்கேதான். மறுபக்கம், சிலிகோன் வகையில் வயர் மாஸ்க்கோடு சேரும் இடம் மடங்கி மடங்கி அறுந்துபோவது சகஜம். முகத்தை இறுக்கி மூடுவது பிடிக்காதவர்கள், மூச்சு முட்டுவது போல உணர்பவர்கள் கெட்டி வகையோ, எதிரே வைத்து உட்காரும் பேனலோ எடுப்பது நல்லது. பேனல் என்றால் தூரம் முக்கியம். எந்தத் தூரத்தில் அளந்த திறன் என்று கையேட்டில் பார்த்து, அந்தத் தூரத்திலேயே உட்கார வேண்டும்.

மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பெயரைப் போடும் பெட்டிகளில் ஒரு சொல் வித்தியாசம் இருக்கிறது. "பதிவு செய்யப்பட்டது" என்றால் நிறுவனம் தன் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். "கிளியர் செய்யப்பட்டது" என்றால் ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒத்த கருவிக்கு ஈடானது என்று ஆவணம் பார்த்து அனுமதித்திருக்கிறார்கள். அந்த அனுமதிக்கு ஓர் எண் இருக்கும், அதை எஃப்.டி.ஏ.வின் இணையப் பட்டியலில் தேடிச் சரிபார்க்கலாம். விளக்குகளின் கண், தோல் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62471 தரச் சோதனை செய்திருந்தால் அதுவும் நல்ல அடையாளம். தானாக அணையும் டைமர் கட்டாயம் வேண்டும். படுத்துக்கொண்டு போடும் கருவி, தூங்கிவிடாதவர்கள் குறைவு.

யார் போடக்கூடாது, யார் கேட்டுவிட்டுப் போட வேண்டும்

லூபஸ், போர்ஃபிரியா போல ஒளி பட்டாலே மோசமாகும் நோய் உள்ளவர்கள், தோல் புற்றுநோய் இருப்பவர்கள், முகத்தில் சந்தேகப்படும்படியான புண்ணோ மச்சமோ உள்ளவர்கள் போடக்கூடாது. மினுக்கும் ஒளியில் வலிப்பு வரும் இயல்புள்ளவர்கள் விட்டு விட்டு எரியும் முறை கொண்ட கருவியைத் தொடவே வேண்டாம். விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் முதலில் கண் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மருந்து விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சில மருந்துகள் ஒளியுணர்வைக் கூட்டிவிடும். முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், இதயத்துடிப்புக்கான அமியோடரோன், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதையசைடு, மனநலத்துக்கான லித்தியம் ஆகியவற்றில் ஏதாவது எடுப்பவர் மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் ரத்த அழுத்த மாத்திரை சர்வசாதாரணம். அது எந்த மாத்திரை என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல் படாதீர்கள். கர்ப்ப காலத்தில் முகத்துக்கு இது தீங்கு என்று நிரூபணம் இல்லை, பாதுகாப்பு என்றும் நிரூபணம் இல்லை. தள்ளிப்போடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

மங்கு உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மங்குக்குச் சூடு ஆகாது. மாஸ்க் இளஞ்சூடாக இருக்கலாம், "சுடுகிறது" என்று தோன்றக்கூடாது. மிக அதிக அளவுகளில் செய்த பாதுகாப்பு ஆய்வுகளில், வெளிர்நிறத் தோல் தாங்கிய அளவு சிவப்பு ஒளியை அடர்நிறத் தோல் தாங்கவில்லை. அந்த அளவுகள் வீட்டு மாஸ்க் தருவதைப் போலப் பல மடங்கு. ஆனாலும் அடர்நிறத் தோல் உள்ளவர் கையேடு சொல்லும் நேரத்தில் பாதியில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

போடும் முறை

1. முதல் நாள் சோதனை: தாடைக்கு அடியிலோ முன்கையின் உட்பக்கத்திலோ 5 நிமிடம் ஒளி கொடுத்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்து நீங்காமலிருந்தாலோ, கறுத்தாலோ, அரித்தாலோ முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

2. முகத்தை மென்மையான கிளென்சரால் கழுவி, துண்டால் ஒற்றி, முழுக்க உலர விடுங்கள். மேக்கப்பும் சன்ஸ்கிரீனும் துளியும் இருக்கக்கூடாது. சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். கெட்டியான எண்ணெயும் வேண்டாம்.

3. வெறும் தோல்தான் சிறந்தது. வறண்ட தோல் இழுத்துப் பிடிக்கிறது என்றால் தண்ணீர் போன்ற ஹயலூரானிக் சீரம் இரண்டு சொட்டு போதும். ரெட்டினால், ஆசிட் வகைகள் மாஸ்க்குக்குப் பிறகு. தொடங்கும் முதல் இரண்டு வாரம் மாஸ்க் போடும் இரவுகளில் ரெட்டினாலையே விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் புதிதாகத் தொடங்கி முகம் சிவந்தால், எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

4. கண் மூடியை முதலில் வைத்து, அதன்மேல் மாஸ்க்கை மாட்டி, அதற்குப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது முதலில் அணைக்க வேண்டும். மூடிய இமை சிவப்பு ஒளியை முழுதாகத் தடுக்காது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் கூசவும் கூசாது, கூசாத ஒளியிடம் கண் தன்னைக் காத்துக்கொள்ளாது. 2019ல் முகப்பருவுக்கான மாஸ்க் ஒன்றை அதன் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சில கண் கோளாறுகள் உள்ளவர்களுக்கும் ஒளியுணர்வைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிக்கப்படலாம் என்பதே காரணம்.

5. பட்டியை இறுக்குங்கள், ஆனால் தோலில் தடம் விழும் அளவுக்கு வேண்டாம். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் தாடையோரத்தில் ஒளி வழிந்து வெளியே போவது தெரியும். படுத்துக்கொண்டால் அந்த இடைவெளி பெரும்பாலும் சரியாகிவிடும்.

6. கையேடு 10 நிமிடம் சொன்னால் முதல் வாரம் 5 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். சிக்கலில்லை என்றால் இரண்டாவது வாரம் முழு நேரம். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் 3 முதல் 5 நாள். தினமும் போடச் சொல்லும் கருவி பெரும்பாலும் திறன் குறைந்ததாக இருக்கும், அதில் தினமும் போடலாம்.

7. முடிந்ததும் மாய்ஸ்சரைசர். மறுநாள் காலையில் சன்ஸ்கிரீன். இந்த ஒளியில் புற ஊதா இல்லை என்பதால் வெயிலில் போவது போல முகம் கறுக்காது. அதே சமயம் வெயிலிலிருந்து அது காப்பாற்றவும் செய்யாது. இரவெல்லாம் கட்டிய கொலாஜனைப் பகலில் வெயில் உடைத்துக்கொண்டிருந்தால் மாஸ்க் என்ன செய்யும்?

எப்போது என்ன தெரியும்

போட்ட அன்றே முகம் பளிச்சென்று இருப்பது ரத்த ஓட்டம், சில மணி நேரத்தில் போய்விடும். நான்கு வாரத்துக்கு மேல் தோலின் சொரசொரப்பு குறைவது கைக்குத் தெரியலாம். கண்ணோரத்து நுண்சுருக்கம் மாறுவதற்கு 8 முதல் 12 வாரம். கொலாஜன் மெதுவாகத்தான் வளரும், அதை அவசரப்படுத்த எந்தச் சுவிட்சும் கிடையாது.

தொங்கிய தாடை, மூக்கிலிருந்து வாயோரம் வரை விழுந்த ஆழமான மடிப்பு, கண்ணுக்குக் கீழே பை ஆகியவை இதனால் போகாது. அவை கொழுப்பும் தசைநாரும் இடம் மாறி, எலும்பும் தேய்ந்ததால் வந்தவை.

படம் எடுத்து வைத்தால்தான் உண்மை தெரியும். தினமும் பார்க்கும் கண்ணாடி எப்போதும் ஏமாற்றும். தொடங்கும் முன்பு ஒன்று, பிறகு நான்கு வாரத்துக்கொன்று. ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபிளாஷ் இல்லாமல், பின்பக்கக் கேமராவில், அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்து, சிரிக்காமல் எடுங்கள். பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் எடுத்தால் சுருக்கத்தின் ஆழம் நன்றாகப் பதியும். 12 வாரத்துக்குப் பிறகும் படங்களை வரிசை கலைத்து வைத்து, எது முன், எது பின் என்று வேறொருவரால் சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் கருவியோ உங்கள் ஒழுங்கோ போதவில்லை.

பலன் தெரிந்தவர்கள் வாரம் இரண்டு முறைக்குக் குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்தினால் தோல் தன் வயதின் போக்கில் திரும்பிப் போகும்.

தவறுவது எங்கே

தலைவலி வருகிறது என்றால் பெரும்பாலும் ஒளி கண்ணுக்குள் கசிகிறது, அல்லது பட்டி நெற்றிப்பொட்டை அழுத்துகிறது. கண் மூடியை மாற்றி, பட்டியைத் தளர்த்திப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பார்வையில் புள்ளியோ மங்கலோ தெரிந்தால் அன்றே நிறுத்திக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

முகம் வறண்டு இழுக்கிறது என்றால் மாஸ்க்கின் சூட்டில் ஈரம் ஆவியாகியிருக்கும். கழற்றிய உடனே மாய்ஸ்சரைசர் போட்டால் தீரும். மாஸ்க் தொட்ட இடத்தில் மட்டும் சிறு பருக்கள் வந்தால் ஒளியைக் குறை சொல்ல வேண்டாம். வியர்வையும் பழைய எண்ணெயும் சிலிகோனில் தங்கியிருக்கும். முகம் சிவந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் நேரத்தைப் பாதியாக்குங்கள், அடுத்த நாளும் நின்றால் ஒரு வாரம் விடுங்கள். கன்னத்தில் புதிதாகக் கருமை படர்ந்தால் உடனே நிறுத்தித் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். "பழகிவிடும்" என்று தொடர்ந்தால் அது நிலைத்துவிடும்.

போடாக்ஸ், ஃபில்லர், கெமிக்கல் பீல், லேசர் செய்துகொண்டவர்கள் எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்பதைச் செய்த மருத்துவரிடமே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

கருவியைப் பராமரிப்பது

ஒவ்வொரு தடவையும் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தண்ணீர்க் குழாயடியில் பிடிக்கவோ முக்கி எடுக்கவோ கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள், சில பூச்சுகள் அதில் வெடித்துப்போகும். சிலிகோன் மாஸ்க்கை இரண்டாக மடித்து டிராயரில் திணிக்காமல் அதன் வளைவோடு வைத்தால் உள்வயர் அறாது. சார்ஜ் ஏறும்போது முகத்தில் மாட்ட வேண்டாம். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள்.

மாதம் ஒருமுறை மாஸ்க்கை எரியவிட்டு, தூரத்தில் நின்று கைப்பேசி வழியாகப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு எரியாதது போலத் தெரியும் பல்புகள் பெரும்பாலும் அகச்சிவப்பு, கேமராவில் வெளிறிய ஊதாவாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியவில்லை என்றால் செல்ஃபிக் கேமராவை வையுங்கள். பல கைப்பேசிகளின் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும். டிவி ரிமோட்டின் முனையைப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், எந்தக் கேமரா அகச்சிவப்பைக் காட்டுகிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு வரிசை முழுக்க இருண்டிருந்தால் வயர் அறுந்திருக்கிறது, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.